பழிவாங்கும் படம் பார்க்கலாமா?

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து நான் திருப்பொருள் அறையை விட்டு வெளியே வந்தபோது, எங்கள் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தூணருகே காத்திருந்தார். வழக்கமாக அவர் காத்திருப்பது கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றியோ, மறைக்கல்வி வகுப்புக்கு வராத பிள்ளைகளைப் பற்றியோ பேசுவதற்காகவே இருக்கும். அன்று அவர் கேட்டது வேறு.

"சாமி, 'பத்லாபூர்' என்று ஓர் இந்திப் படம். அது பார்க்கத் தகுந்த படந்தானா?"

அவருடைய மகன் புனேயில் பணிபுரிகிறான். கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு வந்தவன், தான் அன்றாடம் நடக்கும் நகரம் அதில் வருகிறதே என்ற உற்சாகத்தில், பெற்றோரை உட்காரவைத்து அப்படத்தைக் காட்டியிருக்கிறான். பாதியில் தாயார் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார். தந்தை இறுதிவரை பார்த்தார். பார்த்ததிலிருந்து மனம் அமைதியிழந்திருக்கிறது. "கெட்ட படம் என்று ஒதுக்கவும் முடியவில்லை, நல்ல படம் என்று சொல்லவும் வாய் வரவில்லை" என்றார்.

படத்தைப் பார்க்காமலே "வேண்டாம்" என்று சொல்லிவிட நா எழுந்தது. அது எங்களுக்குப் பழகிப்போன சொல். ஆயினும், அறுபது வயதைக் கடந்த ஓர் ஆசிரியர் அனுமதி கேட்கவில்லை, விளக்கம் கேட்கிறார் என்பது புரிந்ததால், ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டேன். எனக்கு இந்தி தெரியாது. ஆங்கில எழுத்துகளைப் படித்துக்கொண்டே இருமுறை பார்த்தேன். அவருக்குச் சொன்னதையே சற்று விரிவாக இங்கு எழுதுகிறேன்.

திரைப்படத்தைப் பற்றித் திருச்சபை நேற்று இன்று பேசத் தொடங்கவில்லை. திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் 1936-ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சுற்றுமடல் ஒன்றை வரைந்தார். ஒழுக்கக் கேடான படங்களைப் பார்ப்பதில்லை என்று அமெரிக்கக் கத்தோலிக்கர் உறுதிமொழி எடுத்துக்கொண்ட இயக்கத்தை அதில் பாராட்டினார். பின்னர் 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி ஓர் ஆணையை வெளியிட்டது. அதன் 7-ஆம் பத்தி நம் ஆசிரியரின் கேள்விக்கு நேராகவே வருகிறது. தீமையைச் சித்திரித்துக் காட்டுவது மனிதனை ஆழமாக அறிந்துகொள்ளவும், உண்மையும் நன்மையும் எத்துணை உயர்ந்தவை என்று விளங்கவும் துணைசெய்யக்கூடும் என்று சங்கம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அச்சித்திரிப்பு அறநெறிக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஆதிப்பாவத்தால் காயமுற்ற மனித இயல்பில் இழிந்த ஆசைகளை எளிதில் எழுப்பிவிடக் கூடியவற்றில் சிறப்பான கவனம் வேண்டும் என்றும் கூறுகிறது. திரைப்படம் தோன்றிய நூற்றாண்டு நிறைவையொட்டி 1995-இல் வத்திக்கான் சிறந்த படங்களாக 45-ஐப் பட்டியலிட்டபோது, துறைமுகக் கூலிகளைச் சுரண்டும் கொலைகாரக் கும்பலைப் பற்றிய 'ஆன் த வாட்டர்ஃபிரண்ட்' என்ற அமெரிக்கப் படமும் அதில் இடம்பெற்றது. எனவே, குற்றத்தைக் காட்டுகிறது என்பதற்காகவே ஒரு படத்தைத் தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை. அதைக் கொண்டு நம்மை எங்கே அழைத்துச் செல்கிறது என்பதே கேள்வி.

'பத்லாபூர்' 2015 பிப்ரவரியில் வெளிவந்தது. இயக்கியவர் ஸ்ரீராம் ராகவன். மசிமோ கார்லோத்தோ என்ற இத்தாலிய எழுத்தாளரின் புதினம் ஒன்றைத் தழுவியது. இந்தக் கார்லோத்தோவின் வாழ்வே ஒரு கதை. தாம் செய்யவில்லை என்று மறுத்த ஒரு கொலைக்காகத் தண்டிக்கப்பட்டு, நாடு விட்டு நாடு ஓடி, இறுதியில் 1993-இல் இத்தாலியக் குடியரசுத் தலைவரின் மன்னிப்பால் விடுதலை பெற்றவர் அவர். மன்னிப்பு என்ற சொல்லின் விலையைத் தம் உடம்பில் அறிந்தவர் எழுதிய கதை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

தலைப்பில் ஒரு சிலேடை இருக்கிறது. பத்லாபூர் என்பது மும்பைப் புறநகர் ரயில் செல்லும் வழியில், கல்யாணுக்கு அப்பால் உள்ள உண்மையான ஓர் ஊர். சிவாஜி மன்னரின் காலத்தில் குதிரைகளை மாற்றிக்கொள்ளும் இடமாக இருந்ததால் வந்த பெயர் என்பது அங்கு வழங்கும் விளக்கம். இந்தியில் 'பத்லா' என்றால் பழி. 'மாறினான்' என்றும் பொருள்படும். பழியின் ஊரா, மாற்றத்தின் ஊரா என்பது படம் முடியும்வரை தீர்வதில்லை.

இனிக் கதையைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. புனேயில் ஒரு சாதாரணப் பகற்பொழுது. தெரு அதன் போக்கில் இயங்கிக்கொண்டிருக்கிறது. வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு ஓடிவரும் இருவர், ஒரு பெண் தன் சிறு மகனுடன் ஏறும் காருக்குள் பாய்ந்து அதைக் கைப்பற்றுகிறார்கள். ஓடும் காரிலிருந்து குழந்தை வெளியே விழுகிறது. தாய் சுடப்படுகிறாள். இருவரும் இறக்கிறார்கள். கொள்ளையரில் ஒருவனான லியாக், பணத்தோடு கூட்டாளியைத் தப்பவிட்டு, தான் மட்டும் பிடிபடுகிறான். சுட்டது தானல்லன், தப்பியோடியவனே என்று நீதிமன்றத்தில் சாதிக்கிறான். 20 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைக்கிறது. மனைவியையும் மகனையும் இழந்த ரகு, தன் பழைய வாழ்வையெல்லாம் விட்டுவிட்டுப் பத்லாபூருக்குப் போய், ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு காத்திருக்கிறான். பதினைந்து ஆண்டுகள் காத்திருக்கிறான்.

அந்தக் காத்திருப்பைப் பற்றி ஒரு சொல். சினத்தை நாம் நெருப்புக்கு ஒப்பிட்டுப் பழகியிருக்கிறோம். எரியும், பின் அணையும். ரகுவின் சினம் அப்படியன்று. அது உப்புக் கண்டம் போட்டு வைத்த இறைச்சியைப் போல் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. அவன் உண்கிறான், உறங்குகிறான், வேலைக்குப் போகிறான். வெளியே பார்ப்போர்க்கு அவன் துயரத்தில் வாழும் மனிதன். உள்ளேயோ துயரம் எப்போதோ வெளியேறிவிட்டது. அதன் இடத்தில் திட்டம் ஒன்று குடியிருக்கிறது. இறந்தவர்களுக்காக அழுவதும் இறந்தவர்களைக் காரணமாக வைத்துக்கொள்வதும் வேறு வேறு என்பதை இவ்வளவு தெளிவாக நான் எந்த மறையுரையிலும் கேட்டதில்லை, ஆற்றியதும் இல்லை.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, லியாக்குக்கு வயிற்றில் புற்றுநோய் என்றும், ஓராண்டுதான் இருப்பான் என்றும் தெரியவருகிறது. கைதிகளின் நலனுக்காக உழைக்கும் ஒரு பெண் ரகுவைத் தேடி வந்து, அவன் விடுதலைக்கு இசைவு தரும்படி கேட்கிறார். முதலில் மறுக்கும் ரகு பிறகு இசைகிறான். அந்த இசைவுக்குப் பின்னே இருப்பது இரக்கமன்று, கணக்கு. தப்பியோடிய கூட்டாளியான ஹர்மன், இப்போது புனேயில் உணவகம் நடத்திக்கொண்டு மனைவியோடு மதிப்பாக வாழ்கிறான். ரகு அவன் வீட்டுக்குள் நுழைகிறான். அவர்களை அச்சுறுத்தி அவமானப்படுத்துகிறான். பின்னொரு நாள் இருவரையும் சுத்தியலால் அடித்துக் கொல்கிறான்.

இந்த இடத்தில்தான் ஆசிரியரின் வீட்டில் தாயார் எழுந்து போனார். மகனோ, "நன்றாக வேண்டும்" என்றானாம். "நீங்கள்?" என்று கேட்டேன். ஆசிரியர் நேர்மையானவர். "வாய்விட்டுச் சொல்லவில்லை சாமி" என்றார்.

புனித அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' நூலின் ஆறாம் பகுதியில் தம் நண்பர் அலிப்பியுவைப் பற்றி எழுதியிருப்பது நினைவுக்கு வருகிறது. வாட்போர் வீரர்கள் ஒருவரையொருவர் கொல்லும் உரோமை அரங்கை வெறுத்தவர் அலிப்பியு. நண்பர்கள் அவரை வலுக்கட்டாயமாக இழுத்துச் சென்றனர். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். காதுகளை மூட மறந்துவிட்டார். கூட்டத்தின் பேரொலி எழுந்ததும் என்னதான் நடக்கிறதென்று கண் திறந்தார். திறந்தவர் திரும்ப மூடவில்லை. வீழ்ந்த வீரனைவிட ஆழமான காயம் அவர் ஆன்மாவில் விழுந்தது என்பது அகுஸ்தினாரின் கணிப்பு. பொழுதுபோக்காக வன்முறையைப் பார்க்கும் எவருக்கும் அந்த அரங்கில் ஓர் இருக்கை உண்டு.

ஆனால் இந்தப் படத்திற்கும் அந்த அரங்கிற்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அரங்கம் அலிப்பியுவின் கண்களைத் திறந்து, அப்படியே விட்டுவிட்டது. படமோ, நம்மை ரகுவின் பக்கத்தில் நிற்கவைத்து, சுத்தியலை அவனோடு சேர்ந்து ஓங்கச் செய்து, அடி விழுந்த பிறகு உண்மையைச் சொல்கிறது. துப்பாக்கியால் சுட்டவன் ஹர்மன் அல்லன், லியாக்தான். அதை அவனே ரகுவின் முகத்துக்கு நேராக ஒப்புக்கொள்கிறான். அவன் அத்தோடு நிறுத்தவில்லை. நான் கொன்றது மூளை கொதித்துப்போன ஒரு கணத்தில், நீ கொன்றது குளிர்ந்த மூளையோடு என்கிறான். அதைக் கேட்டு ரகுவிடம் பதில் இல்லை. "நன்றாக வேண்டும்" என்று சொன்ன இளைஞனிடமும் இருந்திருக்காது.

பழிக்கு எல்லை உண்டா என்பது பழைய கேள்வி. தொடக்க நூலின் நான்காம் அதிகாரத்தில், காயினுக்கு ஏழு மடங்கு பழி என்று கேட்ட உலகில், அவன் வழிவந்த இலாமேக்கு தன் மனைவியர்முன் எழுபத்தேழு மடங்கு என்று பெருமை பேசுகிறான். தனக்கு ஒரு காயம் ஏற்படுத்தியவனைக் கொன்றுவிட்டதாகப் பாட்டாகவே பாடுகிறான். கண்ணுக்குக் கண் என்ற பின்னாளைய சட்டம் நமக்குக் கொடூரமாகத் தோன்றினாலும், இலாமேக்கின் உலகில் அது ஒரு கடிவாளம். ஒரு கண்ணுக்கு மேல் எடுக்காதே என்பது அதன் கருத்து. பேதுரு எத்தனை முறை மன்னிக்க வேண்டும் என்று கேட்டபோது, ஆண்டவர் இலாமேக்கின் அதே எண்ணை எடுத்துத் தலைகீழாக்கித் தருகிறார். கிரேக்க மூலத்தில் அந்த எண், தொடக்க நூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ள எண்ணே. குருமடத்தில் இதைப் படித்தபோது அழகான ஒப்புமை என்று குறித்துக்கொண்டேன். அதன் கனம் அப்போது தெரியவில்லை.

தெரிந்தது பிறகு. பல ஆண்டுகளுக்கு முன், நான் புதிதாகப் பொறுப்பேற்ற ஒரு பங்கில், வரப்புத் தகராறில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அடக்கத் திருப்பலியில் மன்னிப்பைப் பற்றி மறையுரை ஆற்றினேன். இலாமேக்கு, பேதுரு, எழுபத்தேழு எல்லாம் அதில் இருந்தன. நன்றாகப் பேசியதாக எனக்கு நினைப்பு. மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இறந்தவரின் மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை. "செத்தது என் வீட்டுக்காரர். மன்னிக்கச் சொல்ல நீங்க யாரு சாமி?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர்போல் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

படத்தில் அந்தச் சமூக சேவகி ரகுவிடம் வந்து நிற்கும் காட்சியில், நான் கண்டது என்னையே. அவர் நல்லவர். அவர் கேட்பதும் நல்லதே. ஆனால் பிறருடைய காயத்திலிருந்து மன்னிப்பை எடுத்து வேறொருவருக்கு வழங்க நாம் விரும்பும்போது, நம் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அதில் ஒரு திருட்டு இருக்கிறது. மன்னிப்பு கட்டளையாயிற்றே என்பீர்கள். ஆம், கட்டளைதான். அதைச் சிலுவையில் தொங்கியவர் இட்டார். அவரிடம் இருந்த உரிமை மறையுரை மேடையில் நிற்பவனுக்குத் தானாக வந்துவிடுவதில்லை. இந்தக் காட்சிக்காகவே, மன்னிப்பைப் பற்றிப் பேசும் கடமையுடைய எவரும், குருக்கள் உட்பட, இப்படத்தைப் பார்ப்பது நல்லது என்று எழுதத் துணிகிறேன். அந்தச் சேவகியையும் ரகு தன் திட்டத்துக்குக் கருவியாக்கிக்கொள்கிறான் என்பது வேறு. மன்னிப்பின் பெயரால் வருகிறவர்களை ஏமாற்றுவது எளிது.

இனி என் மனத்தாங்கல். படத்தில் பெண்கள் நடத்தப்படும் விதம் என்னை மிகவும் உறுத்தியது. லியாக் நேசிக்கும் ஜிம்லி என்ற பாலியல் தொழிலாளியிடம் ரகு பழிதீர்க்கப் போகிறான். ஹர்மனின் மனைவியை அவள் கணவன் கண்ணெதிரே இழிவுபடுத்துகிறான். அவனது வீழ்ச்சியைக் காட்டவே இவை வருகின்றன என்று வாதிடலாம். ஓரளவு உண்மையும்கூட. ஆனால் வீழ்ச்சியைக் காட்டுகிற ஒளிப்படக் கருவிக்கும், அதை நின்று பார்க்கிற ஒளிப்படக் கருவிக்கும் இடையே மெல்லிய கோடு உண்டு. சில இடங்களில் அக்கோடு தாண்டப்படுகிறது. ஓர் ஆணின் துயரத்தை நமக்கு விளக்குவதற்குப் பெண்களின் உடல்களே பலகையாக வேண்டும் என்ற வழக்கம் நம் திரைப்படங்களில், தமிழ்ப் படங்கள் உட்பட, நெடுநாளாக இருக்கிறது. வத்திக்கான் சங்கம் சொன்ன சிறப்பான கவனம் இங்குதான் தவறிவிட்டது. தணிக்கை வாரியம் இப்படத்துக்கு வயது வந்தோர்க்கான 'ஏ' சான்றிதழ் வழங்கியது சரியே. குடும்பமாக அமர்ந்து பார்ப்பதற்கு இது ஏற்றதன்று. அந்தத் தாயார் எழுந்து அடுக்களைக்குப் போனதை நான் கோழைத்தனம் என்று கருதவில்லை. சிலவற்றைப் பார்க்க மறுப்பதும் ஒரு தீர்ப்பு.

படத்தின் முடிவுக்கு வருவோம். ரகு செய்த இரட்டைக் கொலையைக் காவல்துறை மோப்பம் பிடித்துவிட்டது. அவ்வேளையில் லியாக் தானே போய், அக்கொலைகளைச் செய்தவன் தான்தான் என்று ஒப்புக்கொண்டு சிறைக்குத் திரும்புகிறான். ஏழு மாதங்களில் நோயால் இறக்கிறான். இதை ஜிம்லி வந்து ரகுவிடம் சொல்கிறாள். லியாக் உனக்கு இன்னொரு வாய்ப்பைத் தந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று அவள் உணர்த்தும்போது, ரகுவிடம் சொல் இல்லை. பழியை வைத்துக்கொண்டு பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தவனுக்கு, பழி தீர்ந்தபின் வாழ்வதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

வள்ளுவர் இன்னாசெய்யாமை என்ற அதிகாரத்தில் காட்டும் வழியை நாம் அறிவோம். தீங்கு செய்தவன் வெட்கும்படி அவனுக்கு நன்மை செய்துவிட வேண்டும். இங்கோ அது தலைகீழாக நடக்கிறது. தீங்கு செய்தவன் நன்மை செய்கிறான். தீங்குக்கு ஆளானவன் வெட்கி நிற்கிறான். கதையில் எல்லாராலும் மன்னிப்புக் கேட்கப்பட வேண்டியவனாக இருந்த ரகு, ஒரு கொலைகாரனின் தயவில் உயிர் வாழும் நிலைக்கு வருகிறான். அருள் எந்தப் பாத்திரத்தில் வரும் என்று நாம் முடிவுசெய்ய இயலாது என்பதற்குக் கல்வாரியில் வலப்பக்கம் தொங்கிய கள்வனே சாட்சி.

இவ்வாறு எழுதும்போதே எனக்குள் இருக்கும் பழைய குருமட மாணவன் கையைப் பிடிக்கிறான். லியாக் சொன்னது பொய்யல்லவா? நன்மைக்காகவும் பொய் சொல்லலாகாது என்பதில் அகுஸ்தினாரும் புனித தாமஸ் அக்குவினாசும் உறுதியாக இருந்தனர். எப்படியும் சாகப்போகிறவனுக்கு இதில் இழப்பு என்ன? வாழ்நாள் முழுதும் பொய் சொன்னவன் கடைசியாகச் சொன்ன இன்னொரு பொய்தானே இது? இருக்கலாம். ஆனால் முதற்பொய்யால் அவன் தன் குற்றத்தைப் பிறன்மேல் சுமத்தினான். கடைசிப் பொய்யால் பிறன் குற்றத்தைத் தன்மேல் சுமந்துகொண்டான். பொய் பொய்யே. ஆயினும், இரண்டுக்கும் இடையே அந்த மனிதன் நடந்திருக்கும் தொலைவை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்து பல ஆண்டுகள் கேட்டவனுக்குத் தெரியும்: மனிதர் திரும்பி வரும் பாதை பெரும்பாலும் கோணலாகவே இருக்கிறது.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. லியாக்கின் கொடையால் ரகு தப்பிவிடுகிறான். அப்படியானால், செய்யாத கொலைக்காகக் கொல்லப்பட்ட ஹர்மனுக்கு நீதி எங்கே? கொள்ளையிலும் பங்கில்லாத அவன் மனைவிக்கு? படம் ரகுவுக்காக நின்று வருந்துகிறது, லியாக்குக்காகவும் வருந்துகிறது. அவ்விருவருக்காக ஒரு நிமிடமும் நிற்பதில்லை. தண்டனை தருவதில் குற்றவாளியின் கேட்டை மட்டுமே மனம் நாடுமானால் அது பாவம்; நீதி நிலைபெறுவதும் பிறர் அமைதியாக வாழ்வதும் அவன் திருந்துவதும் நோக்கமானால் அது கூடும் என்பார் அக்குவினாஸ். அந்த நோக்கம் எதுவும் இப்படத்தின் உலகில் இல்லை. அங்கே பழி இருக்கிறது, திடீரென வரும் ஒரு கருணை இருக்கிறது, நீதி இல்லை.

இந்தி பேசும் அதே வட நாட்டில் நடந்த மெய்யான ஒரு நிகழ்ச்சி இதற்கு மறுபக்கமாக நிற்கிறது. கேரளத்தில் பிறந்து, மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் பகுதியில் ஏழை உழவர்களோடு உழைத்த பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபை அருட்சகோதரி இராணி மரியா, 1995 பிப்ரவரி 25 அன்று, பேருந்தில் பயணம் செய்துகொண்டிருந்தபோது கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அவர் உடலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். கொன்றவர் சமுந்தர் சிங். அவருக்கு ஆயுள் தண்டனை. 2002-இல், இராணி மரியாவின் உடன்பிறந்த தங்கையும் அதே சபையின் துறவியுமான செல்மி பால், சிறைக்குச் சென்று அவர் கையில் ராக்கி கட்டி அவரைச் சகோதரனாக ஏற்றார். குடும்பத்தினரும் அவர் விடுதலைக்கு இசைந்தனர். 2006-இல் அவர் விடுதலையானார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் இராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார்.

இங்கும் சிறையில் ஒரு கொலைகாரன். இங்கும் விடுதலைக்குக் குடும்பத்தின் இசைவு. ஒன்று திட்டத்திலிருந்து பிறந்த இசைவு, மற்றது மன்னிப்பிலிருந்து பிறந்தது. ஆனால் இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது நாம் எளிதில் தாண்டிவிடும் ஒன்று உண்டு. கொலைக்கும் ராக்கிக்கும் இடையே ஏழு ஆண்டுகள் இருக்கின்றன. மறையுரையில் நான் அதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கேட்பவர்களும் அது ஒரு வாரத்தில் நடந்ததுபோல் கேட்டுக்கொள்கிறார்கள். அந்த ஏழு ஆண்டுகளில் ஒரு தங்கையின் உள்ளத்தில் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது, மன்னிப்பே நடக்காத ஒரு கொலைப் படம்.

இந்நிகழ்ச்சியைப் பற்றி 2013-இல் ஓர் ஆவணப் படம் வந்தது. 2023-இல் 'த ஃபேஸ் ஆஃப் த ஃபேஸ்லெஸ்' என்ற கதைப் படமும் வந்தது. அப்படியானால் இவற்றைப் பார்த்தால் போதாதா, 'பத்லாபூர்' எதற்கு என்று ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. பெரும்பாலோர்க்கு அவையே போதும் என்றேன். ஆனால் மன்னித்தவர்களின் கதையைக் கேட்கும்போது நாம் அனைவரும் மன்னித்தவர்களின் பக்கம் அமர்ந்துகொள்கிறோம். நம்மில் எத்தனை பேர் உண்மையில் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள்? சொத்துப் பிரிவினையில் பேச்சை நிறுத்தி இருபது ஆண்டுகளான அண்ணன் தம்பிகள், ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கிவிட்டு வெவ்வேறு வாசல் வழியே வெளியேறுவதை ஒவ்வொரு ஞாயிறும் நான் பார்க்கிறேன். அவர்களுக்கு ரகுவைத் தெரியும். அவன் வீட்டுக்குள் போய் ஒருமுறை சுற்றிப் பார்த்து வருவதில் பயன் இருக்கலாம்.

எனவே என் விடை இது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு வேண்டாம். குடும்பமாகக் கூடிப் பார்க்க வேண்டாம். அண்மையில் வன்முறையால் யாரையேனும் இழந்தவர்களுக்கு நிச்சயமாக வேண்டாம். அவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு பார்த்துவிட்டார்கள். மற்றவர்கள், யார்மீதேனும் மனத்தில் ஒரு கணக்கு வைத்திருப்பவர்கள், தனியே உட்கார்ந்து பார்க்கலாம். சுத்தியல் ஓங்கப்படும் வேளையில் தம் உள்ளம் என்ன சொன்னது என்பதைக் குறித்துவைத்துக்கொள்வார்களானால் இரண்டேகால் மணி நேரம் வீணாகவில்லை.

அந்தப் பங்கை விட்டு வந்த பிறகு ஒருமுறை அவ்வூர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன். என்னை உட்காரச் சொல்லாத அந்த அம்மா, இம்முறை நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார். மன்னித்துவிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: தண்டனை முடிந்து அந்த ஆள் ஊருக்கு வந்துவிட்டான், கடையில் எதிர்ப்பட்டான், "நான் மொகத்தத் திருப்பிக்கல சாமி." அவ்வளவுதான். பிறகு பேச்சு மழையைப் பற்றிப் போய்விட்டது.

இதையெல்லாம் ஆசிரியரிடம் சொல்லி முடித்தபோது, அவர் மகனுக்கு என்ன சொல்வது என்று கேட்டார். ஒன்றும் சொல்ல வேண்டாம், ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள் என்றேன். சுத்தியலால் அடிபட்டுச் செத்த அந்தப் பெண், ஹர்மனின் மனைவி. அவள் பெயர் என்ன என்று கேளுங்கள்.

ஆசிரியர் சற்று யோசித்தார். தலையைச் சொறிந்தார். படத்தை இறுதிவரை பார்த்த அவருக்கும் அது நினைவில் இல்லை. முதன்முறை பார்த்து முடித்தபோது எனக்கும் நினைவில் இருக்கவில்லை; இரண்டாம் முறை அதற்காகவே கவனித்துக் குறித்துக்கொண்டேன்.

"காஞ்சன்" என்றேன்.